நம் மலையின் பொருட்கள் எங்கே?

பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு



சென்னை எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகத்தை அந்நாளில் சென்னை மக்கள் 'செத்த காலேஜ்' என்று அழைத்தார்களாம். உயிரினக் காட்சிசாலைக்கு 'உயிர் காலேஜ்' என்று பெயர். 1851ஆம் ஆண்டு அந்த அருங்காட்சியகம் கல்லூரிச் சாலையில் இருந்த ஒரு கட்டடத்தில் தொடங்கப்பட்டது. 1854ஆம் ஆண்டு இப்போதுள்ள இடத்துக்கு மாறியது. அதன் முதல் பொறுப்பாளரான டாக்டர் எட்வர்ட் பால்ஃபர் 1855ஆம் ஆண்டு அதே வளாகத்தில் விலங்குகளையும் வளர்க்கத் தொடங்கினார். உயிருள்ளவற்றைக் காட்டும் இடம் உயிர் காலேஜ், உயிரற்றவற்றைக் காட்டும் இடம் செத்த காலேஜ் என்று மக்கள் எளிதாகப் பிரித்துக்கொண்டனர்.

கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும் இப்பெயர் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பானையும் அரிவாளும் உண்மையிலேயே செத்தவைதாமா? அவற்றைப் பேச வைப்பது எது? நம் நீலகிரி மலையின் பழம்பொருட்கள் இன்று எங்கே இருக்கின்றன? தேவர்சோலையில் வாழும் நமக்கும் அவற்றுக்கும் என்ன தொடர்பு? இவற்றை எனக்குத் தெரிந்த அளவில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அருங்காட்சியகம் என்பது யாது?

அரிய பொருட்களைக் காட்சிக்கு வைக்கும் இடம் அருங்காட்சியகம் என்று நாம் சிறு வகுப்பில் படித்திருக்கிறோம். அது பாதி உண்மைதான். ஓர் அருங்காட்சியகம் செய்யும் பணிகள் ஐந்து. பொருட்களைத் திரட்டுதல், அழியாமல் காத்தல், ஆராய்தல், விளக்கிச் சொல்லுதல், காட்சிக்கு வைத்தல் என்பன அவை. 2022ஆம் ஆண்டு பிராகு நகரில் கூடிய உலக அருங்காட்சியகப் பேரவையும் அருங்காட்சியகத்துக்கு ஏறக்குறைய இவ்வாறே இலக்கணம் வகுத்தது. கையால் தொடக்கூடிய பொருட்களை மட்டுமன்றி, பாட்டு, கதை, தொழில் நுணுக்கம் போன்ற தொட முடியாத செல்வங்களையும் காப்பது அதன் கடமை என்று அப்பேரவை கூறியது. ஆண்டுதோறும் மே 18ஆம் நாள் உலக அருங்காட்சியக நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இந்த ஐந்தில் நம் கண்ணுக்குத் தெரிவது காட்சி ஒன்றுதான். மற்ற நான்கும் திரைக்குப் பின்னால் நடப்பவை. ஆனால் அந்த நான்கும் இல்லையென்றால் அருங்காட்சியகத்துக்கும் பழைய சாமான் கடைக்கும் வேறுபாடே இராது.

மலை உச்சிகளில் கல் வட்டங்கள்

நீலகிரியின் உயர்ந்த குன்றுகளின் மேல் பழங்காலத்து ஈமச் சின்னங்கள் பல உள்ளன. ஈமச் சின்னம் என்றால் இறந்தவர்களுக்காக எழுப்பப்பட்ட நினைவிடம். கற்களை அடுக்கிக் கிணற்றுச் சுவர் போல வட்டமாகக் கட்டியவை சில. கற்குவியல்கள் சில. நான்கு புறமும் பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த கல் வீடுகள் சில. சோலூர், மேலூர் போன்ற இடங்களில் அத்தகைய கல் வீடுகளின் பலகைகளில் போர்வீரர்களின் உருவங்களும் செதுக்கப்பட்டுள்ளன.

ஆங்கிலேயர் இம்மலைக்கு வந்த பிறகு இவற்றைத் தோண்டிப் பார்க்கத் தொடங்கினர். கேப்டன் காங்கிரீவ் என்பவர் இவற்றைப் பற்றி 1847ஆம் ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். அவருக்குப் பின் இப்பணியில் பெயர் பெற்றவர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ். 1868ஆம் ஆண்டு நீலகிரி கோயம்புத்தூரிலிருந்து பிரிந்தபோது அதன் முதல் கமிஷனராக வந்தவர் இவரே. உதகையில் உள்ள பிரீக்ஸ் பள்ளி இவருடைய நினைவாக ஏற்பட்டது.

கல்கத்தாவில் உள்ள இந்திய அருங்காட்சியகத்தார், பழங்குடி மக்களின் ஆடை, அணி, கருவி முதலியவற்றைத் திரட்டித் தருமாறு 1871ஆம் ஆண்டு அரசைக் கேட்டனர். அதையொட்டிப் பிரீக்ஸ் நீலகிரியில் பொருட்களைச் சேர்த்ததோடு, பல ஈமச் சின்னங்களையும் திறந்து பார்த்தார். ஆனால் பணி நிறைவேறும் முன்னரே 1872ஆம் ஆண்டு அவர் காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை அவருடைய மனைவி சூசன் மரியா பிரீக்ஸ் ஒழுங்குபடுத்தி, 1873ஆம் ஆண்டு நூலாக வெளிவரச் செய்தார். அந்த அம்மையார் பொறுமையுடன் அக்குறிப்புகளைத் தொகுத்திராவிட்டால், அவர் கணவர் தோண்டியெடுத்த பொருட்களில் பாதிக்கு இன்று முகவரியே இருந்திராது.

அந்த ஈமச் சின்னங்களில் கிடைத்தவை யாவை? அடுக்கடுக்கான கழுத்துடைய உயரமான மண் தாழிகள், அவற்றின் மூடிகள் மேல் களிமண்ணால் செய்த சிறு உருவங்கள், இரும்பு ஈட்டி முனைகள், அரிவாள்கள், வெண்கலக் கிண்ணங்கள், மணிகள், பொன் அணிகள் ஆகியவை. மூடியில் இருக்கும் உருவங்கள் மிகவும் அழகானவை. எருமை, யானை, நாய், சிறுத்தை, குதிரை மேல் அமர்ந்த வீரன் என்று அந்தக் கைவினைஞர் தம் கண்ணில் பட்ட உலகத்தையே தாழியின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறார்.

இவை இன்று எங்கே? பிரீக்ஸ் சேகரித்தவை சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. வேறு சிலர் எடுத்துச் சென்றவை இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. நம் மலையில் புதைக்கப்பட்டவற்றைக் காண நாம் மலையிறங்க வேண்டும், அல்லது கடல் கடக்க வேண்டும்.

இந்நிலை நமக்கு மட்டும் ஏற்பட்டதன்று. திருநெல்வேலிச் சீமையின் ஆதிச்சநல்லூரில் 1876ஆம் ஆண்டு ஜெர்மானியரான யாகோர் தோண்டியெடுத்த பொருட்கள் பெர்லினுக்குச் சென்றன. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான பின்னரே, 2023ஆம் ஆண்டு, அகழாய்வு நடந்த இடத்திலேயே அங்கு ஓர் அருங்காட்சியகம் ஏற்பட்டது. அதே ஆண்டு கீழடியிலும் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தோண்டிய மண்ணிலேயே பொருளைக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் இப்போதுதான் வலுப்பெற்று வருகிறது.

பானை எப்படிப் பேசும்?

ஒரு பொருளைப் பார்த்து அறிஞர்கள் எப்படி வரலாற்றை அறிகிறார்கள் என்பதற்கு இத்தாழிகளே நல்ல சான்று.

ஈமச் சின்னங்களைக் கட்டியவர் யார் என்ற கேள்வி எழுந்தது. மூடிகளில் எருமை உருவங்கள் இருக்கின்றன. எருமையை உயிராகப் போற்றுகிறவர்கள் தோடர்கள். ஆகவே அவர்களுடைய முன்னோரே கட்டியிருக்க வேண்டும் என்றனர் ஒரு சாரார். ஆனால் அதே குழிகளில் அரிவாளும் கிடைத்திருக்கிறதே, தோடர்கள் உழுது பயிரிடும் வழக்கம் இல்லாதவர்கள் ஆயிற்றே என்றனர் மற்றொரு சாரார். எருமை ஒரு பக்கம் சாட்சி சொல்ல, அரிவாள் மறு பக்கம் சாட்சி சொல்கிறது! இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் வழக்கு விளங்கும்.

வெண்கலக் கிண்ணங்கள் சொல்லும் செய்தி இன்னும் வியப்பானது. செம்பும் வெள்ளீயமும் கலந்தது வெண்கலம் என்று வேதியியல் பாடத்தில் படிக்கிறோம். சாதாரண வெண்கலத்தில் வெள்ளீயம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் நீலகிரியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த சில கிண்ணங்களில் வெள்ளீயம் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு உள்ளது என்று ஆய்வாளர் சாரதா சீனிவாசன் கண்டறிந்தார். இவ்வளவு வெள்ளீயம் கலந்த வெண்கலம் ஆறிய நிலையில் தட்டினால் கண்ணாடி போல் உடைந்துவிடும். ஆகவே அதைச் செக்கச் செவேலெனக் காய்ச்சி, சூட்டோடு சூடாகத் தட்டி மெல்லிய கிண்ணமாக்கி, பின் சட்டென்று நீரில் அமிழ்த்தியிருக்கிறார்கள். வெள்ளீயம் நம் மலையில் கிடைக்கும் பொருளன்று. அப்படியானால் அது வணிகத்தின் வழியாகவே மேலே வந்திருக்க வேண்டும். வெளியுலகம் அறியாத காட்டு மலை என்று நினைத்திருந்த நீலகிரி, பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கீழ்நாட்டோடு கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறது. இதைச் சொன்னது கல்வெட்டன்று, ஒரு கிண்ணம்.

ஆனால் கிண்ணம் இவ்வாறு பேசுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அது எந்தக் குன்றில், எந்தக் குழியில், எவற்றோடு சேர்ந்து, எவரால், எந்த ஆண்டு எடுக்கப்பட்டது என்ற குறிப்பு அதனுடன் இருக்க வேண்டும். அந்நாளில் புதையல் ஆசையாலும் பொழுதுபோக்காகவும் தோண்டியவர்கள் பலர். அவர்கள் எடுத்தவற்றில் பல 'நீலகிரி' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட்டன. அரிவாள் கிடைத்த குழியிலேயே எருமை மூடியும் கிடைத்ததா, இல்லை வேறு குழியிலா? குறிப்பு இல்லையென்றால் அந்தக் கேள்விக்கு இனி விடையே இல்லை. குழியை ஒரு முறைதான் தோண்ட முடியும். பொருள் தொலைந்தால் ஒரு நட்டம். பொருள் இருந்து குறிப்புத் தொலைந்தால் அதுவும் அதே அளவு நட்டம்.

மலையிலேயே உள்ள அருங்காட்சியகங்கள்

நம் மாவட்டத்திலும் அருங்காட்சியகங்கள் இல்லாமல் இல்லை. உதகமண்டலத்தில் 1989ஆம் ஆண்டு அரசு அருங்காட்சியகம் அமைக்கப்பட்டது. பழங்குடி மக்களின் பொருட்கள், மாவட்டத்தின் இயற்கை வளம் பற்றிய விளக்கங்கள், தமிழ்நாட்டுச் சிற்பங்கள், கைவினைப் பொருட்கள் ஆகியவை அங்கு இடம் பெற்றன.

உதகைக்கு அருகில் முத்தோரை பாலாடாவில் 1983ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பழங்குடியினர் ஆய்வு மையம் உள்ளது. அங்கும் ஓர் அருங்காட்சியகம் உண்டு. தமிழ்நாட்டில் மிகவும் தொன்மையான பழங்குடியினர் என அரசு வகைப்படுத்தியுள்ள ஆறு பிரிவினர் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆவர். இந்த ஆறு பிரிவினரும் நம் நீலகிரி மாவட்டத்தில் வாழ்கின்றனர் என்பது நமக்குப் பெருமையன்றோ? கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில், ஜான் சல்லிவன் 1819ஆம் ஆண்டு கட்டிய பங்களாவைச் சீர்செய்து நினைவகமாக்கியுள்ளனர்.

நம் தேவர்சோலை வழியாகச் செல்லும் சாலையில் பாட்டவயலைத் தாண்டிச் சென்றால் கேரளத்தின் சுல்தான் பத்தேரி வரும். அதற்கு அருகே அம்பலவயலில் வயநாட்டுப் பாரம்பரிய அருங்காட்சியகம் உள்ளது. வீரர்களின் நினைவாக நட்ட கற்களும் சுடுமண் பொருட்களும் அங்கே காக்கப்படுகின்றன. அதற்குப் பக்கத்திலேயே எடக்கல் பாறைக் குடைவு. 1890ஆம் ஆண்டு பாசெட் என்ற போலீஸ் அதிகாரி அதன் சுவர்களில் பழங்காலக் கீறல் ஓவியங்கள் இருப்பதை வெளியுலகுக்கு அறிவித்தார். மாநில எல்லை இன்று போட்ட கோடு. நம் கூடலூர்ப் பகுதியும் 1877ஆம் ஆண்டுக்கு முன் வயநாட்டோடு சேர்ந்தே இருந்தது. ஆகவே எடக்கல்லின் வரலாறும் நமக்கு அடுத்த வீட்டு வரலாறே.

மனிதர் காட்சிப் பொருளா?

அருங்காட்சியகங்களின் வரலாற்றில் பெருமைப்படத் தகாத பக்கமும் உண்டு. அதையும் சொல்வதே நேர்மை. 1885 முதல் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் பல அரிய செய்திகளைத் திரட்டியவர். ஆனால் அவர் அளவுகோல்களுடன் ஊர் ஊராகச் சென்று, மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து எண்களாகக் குறித்துக்கொண்டார். நீலகிரிக்கும் வந்து தோடர்களையும் கோத்தர்களையும் அளந்தார். மூக்கின் அளவைக் கொண்டு மனிதரை உயர்வு தாழ்வாகப் பிரிக்கலாம் என்று அக்காலத்தில் நம்பினார்கள். அது தவறான அறிவியல் என்பது இன்று தெளிவாகிவிட்டது. அளக்கப்பட்டவர்களிடம் 'உங்கள் கருத்து என்ன?' என்று எவரும் கேட்கவில்லை.

பாலாடா அருங்காட்சியகத்துக்கு எங்கள் வகுப்பு சென்றிருந்தபோது, இசைக் கருவிகளின் முன் நின்ற என் தோழி ஒருத்தி மெல்லச் சிரித்தாள். அவள் பணியர் இனத்தைச் சேர்ந்தவள். "ஏன் சிரிக்கிறே?" என்று கேட்டேன். "இந்த மாதிரி மேளம் எங்க மாமா வீட்டுல ஆணியில தொங்குது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் அடிப்பாங்க. இங்க ஏன் பழங்காலம்னு வச்சிருக்காங்க?" என்றாள். எங்களுக்கு விடை சொல்லத் தெரியவில்லை. உடன் வந்த வரலாற்று ஆசிரியை அருட்சகோதரி அவர்கள், "நல்ல கேள்வி. அடுத்த தடவை இந்தக் குறிப்பை நீயே எழுதிக் கொடு" என்றார்.

அந்தச் சொல் என் மனத்தில் நின்றுவிட்டது. ஒரு மேளத்தின் நீள அகலத்தை எவரும் எழுதலாம். அதை எந்த வேளையில் எப்படி அடிக்க வேண்டும், எந்தத் தோலால் கட்ட வேண்டும், எவர் தொடங்க வேண்டும் என்பதை அதை அடிப்பவர்தாம் எழுத முடியும். வாழும் மக்களின் பொருளுக்கு அவர்களே உரையாசிரியர்கள்.

தோடர்களின் பூவேலைப்பாடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் தோடர் பெண்கள் போடும் அந்தத் தையலுக்கு 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இன்றும் அவர்கள் கையில் வளரும் கலை அது. அலமாரியில் ஒரு போர்வையை வைப்பது நல்லது. அதை நெய்பவருக்கும் தைப்பவருக்கும் உரிய பெயரும் ஊதியமும் கிடைக்கச் செய்வது அதனினும் நல்லது.

ஈரத்தோடு ஒரு போர்

பொருள் அருங்காட்சியகத்துக்குள் வந்ததும் முதலில் நடப்பது பதிவு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரப்படும். அந்த எண் பதிவேட்டிலும் பொருளின் மீது கண்ணில் படாத ஓரிடத்திலும் எழுதப்படும். எண்ணைப் பார்த்துப் பதிவேட்டைத் திறந்தால் பொருளின் பிறப்பும் வரவும் தெரியும். நம் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் நமக்கெல்லாம் எண் இருப்பது போலத்தான்.

அடுத்தது பாதுகாப்பு. கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் துணி காயாது, புத்தக அட்டையில் பூஞ்சை பூக்கும், கத்தி துருப்பிடிக்கும் என்பது நம் அன்னையருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அருங்காட்சியகத்துக்கும் அதே பகைவர்கள்தாம். இரும்புக்கு ஈரம் பகை. துணிக்கும் சாயத்துக்கும் கடும் வெளிச்சம் பகை. மரத்துக்குக் கரையான் பகை. வெண்கலத்தில் உப்பு தங்கிவிட்டால் பச்சைப் பொடி பூத்து உள்ளேயே அரித்துவிடும். இதைத் தடுக்கும் வழிகளை ஆராய 1930ஆம் ஆண்டு சென்னை அருங்காட்சியகத்தில் வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. டாக்டர் பரமசிவன் அவர்கள் அங்கே மின்சாரத்தின் துணையால் பழைய வெண்கலச் சிலைகளின் அரிப்பை நீக்கும் பணியைச் செய்தார். எங்கள் வேதியியல் பாடத்தில் வரும் மின்னாற்பகுப்பு இப்படியும் பயன்படுகிறது என்று அறிந்தபோது அந்தப் பாடத்தின் மேல் எனக்குப் புது மதிப்பு உண்டாயிற்று.

கூடலூர்ப் பகுதியின் கதை

இனி நம் பகுதிக்கு வருவோம். வரலாறு என்றால் மன்னரும் தாழியும் மட்டுமல்ல.

தேவாலா, பந்தலூர் பக்கத்து மண்ணில் பொன் துகள் இருப்பதை இங்குள்ள மக்கள் முன்பே அறிந்திருந்தார்கள். மண்ணை மரத் தட்டில் இட்டு நீரில் அலசி, கனமான பொன் துகளைப் பிரித்தெடுத்தார்கள். இதைக் கேள்விப்பட்டு 1880ஆம் ஆண்டை ஒட்டி இலண்டனில் பல கம்பெனிகள் தொடங்கப்பட்டன. எந்திரங்கள் மலையேறின, சுரங்கங்கள் வெட்டப்பட்டன. போட்ட பணத்துக்கு ஏற்ற பொன் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே கம்பெனிகள் சரிந்தன. அந்தச் சுரங்கங்களின் வாய்கள் இன்னும் புதருக்குள் இருக்கின்றன. அந்த மரத் தட்டுகள் எத்தனை வீடுகளில் இன்று மிஞ்சியிருக்கும்?

பிறகு தேயிலை வந்தது. 1964ஆம் ஆண்டு சாஸ்திரி, சிறிமாவோ ஒப்பந்தம் ஏற்பட்டது. இலங்கைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று அதில் முடிவாயிற்று. அவ்வாறு தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காக 1968ஆம் ஆண்டு அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. இன்று நாம் 'டான்டீ' என்று சொல்வது அதன் வளர்ச்சியே. நம் பள்ளி மாணவியர் பலருடைய குடும்பக் கதை இதுதான்; என் குடும்பக் கதையும் இதுதான்.

ஒரு பொருளுக்குக் குறிப்பு எழுதுவது எப்படி என்று பழகிப் பார்க்க, எங்கள் வீட்டில் உள்ள ஒன்றையே எடுத்துக்கொண்டேன். நான் எழுதிய குறிப்பு இது:

பொருள்: அம்மிக் குழவி. அம்மி இல்லை.
செய்பொருள்: கருங்கல். நீளம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. இரு நுனியும் தேய்ந்துள்ளன. வலது நுனி அதிகம் தேய்ந்துள்ளது.
வந்த இடம்: இலங்கை, நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயம்.
வந்த வழி: 1974ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம், மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரி.
வைத்திருந்தவர்: என் பாட்டி. அவருக்கு அவருடைய தாயார் கொடுத்தது.
சொன்னவர்: பாட்டியே. எழுதியவர்: பேத்தி.

அம்மியை விட்டுவிட்டுக் குழவியை மட்டும் ஏன் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டதற்குப் பாட்டி சொன்ன விடையையும் அப்படியே எழுதி வைத்தேன்: "அம்மி எங்க போனாலும் கெடைக்கும் புள்ள. கைக்குப் பழகின குழவி கெடைக்குமா? எங்கம்மா கை பட்டது அது."

இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அது ஒரு கல். வீட்டை இடித்துக் கட்டும்போது மண்ணோடு மண்ணாக அடித்தளத்தில் போட்டுவிடுவார்கள். குறிப்போடு சேர்ந்தால், கடல் கடந்து போய்க் கடல் கடந்து திரும்பிய ஒரு கூட்டத்தாரின் வரலாற்றுக்கு அது சான்று. நீலகிரித் தாழிகளுக்கும் எங்கள் வீட்டுக் குழவிக்கும் விதி ஒன்றே.

நாம் செய்யத் தக்கவை

முதலாவது, நாமாகத் தோண்டக்கூடாது. தோட்டத்தில் குழி வெட்டும்போதோ அடித்தளம் தோண்டும்போதோ பழைய பானை, நாணயம், கருவி தென்பட்டால் அப்படியே விட்டு, தாசில்தார் அலுவலகத்துக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ தெரிவிக்க வேண்டும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இதைக் கடமையாக்கியுள்ளது. கண்டெடுத்தவருக்குரிய பங்கைப் பற்றியும் அச்சட்டம் கூறுகிறது. ஆகவே அஞ்சி மறைக்க வேண்டியதில்லை. நூறாண்டைக் கடந்த கலைப் பொருட்களை வெளிநாட்டுக்கு விற்பதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.

இரண்டாவது, கல் வட்டங்களின் கற்களைப் பெயர்த்து வேலிக்குப் பயன்படுத்தக்கூடாது. கோத்தகிரிக் காட்டில் உள்ள கரிக்கியூர்ப் பாறை ஓவியங்கள் போன்றவற்றின் மீது பெயர் கிறுக்குவது, முன்னோர் எழுதிய கடிதத்தைக் கிழிப்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, வீட்டில் உள்ள முதியவர்களைக் கேட்டு எழுத வேண்டும். பழைய இரும்புக்காரர் வரும்போது நாம் எடைக்குப் போடும் பித்தளைப் படி, பழைய தராசு, கொழுந்துக் கூடை ஆகியவற்றைப் போடும் முன், ஒரு தாளில் அதன் கதையையாவது குறித்து வைக்கலாம். எல்லாப் பொருளையும் வைத்துக்கொள்ள நம் வீடுகளில் இடம் இல்லை. குறிப்பு வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

முடிவுரை

இவ்வேளையில் மதிப்பிற்குரிய தலைமைச் சகோதரி அவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் பணிவான விண்ணப்பம் ஒன்றை வைக்க விரும்புகிறேன். நம் பள்ளி நூலகத்தில் ஒரு கண்ணாடி அலமாரியும் ஒரு தடித்த பதிவேடும் தாருங்கள். அலமாரி சிறியதாக இருந்தாலும் குறையில்லை. பதிவேடு பெரியதாக இருக்கட்டும். தோடர், கோத்தர், படகர், பணியர், குறும்பர், காட்டுநாயக்கர், இலங்கையிலிருந்து வந்தோர், கேரளத்திலிருந்தும் கன்னட நாட்டிலிருந்தும் வந்தோர் என அனைவரின் வீட்டுப் பொருட்களும் அதில் இடம் பெறட்டும். ஒவ்வொன்றின் குறிப்பையும் அந்த வீட்டு மாணவியே எழுதட்டும். பொருளைத் தர மனமில்லாதவர்கள் குறிப்பை மட்டும் தந்தாலும் போதும்.

சென்னையிலும் இலண்டனிலும் இருக்கும் நம் மலைத் தாழிகள் என்று திரும்பி வருமோ, அது பெரியோர்கள் முயன்று பார்க்க வேண்டிய செயல். ஆனால் இன்று நம் அடுக்களையிலும் பரணிலும் இருப்பவை ஊமையாகிப் போகாமல் காப்பது நம் கையில் உள்ளது. முதல் பக்கத்தில் முதல் எண்ணை எழுத என் பேனா தயாராக இருக்கிறது. தோழியரே, இரண்டாம் எண் யாருடையது?